தலைப்பு உங்கள் பதினான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 63. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். என் அப்பத்தாவைப் பற்றியும் எங்கள் வளவு (நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய) வீட்டைப் பற்றியும் எழுதி முடித்துவிட்டேன். டெமி அளவில் 168 பக்கம், 22 அத்தியாயம் வருகிறது. "செட்டிநாட்டுப் பாரம்பரியம் – மரபும் மாண்பும் – ஒரு பார்வை" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். என் மகன், "மணிவிழா மலர் மாதிரி இருக்கு" என்கிறான். அவன் சொல்லும் தலைப்பு "காலத்தின் சுவடுகள்". மனதில் நிற்கிற தலைப்புக்கு என்னதான் வேண்டும்? செட்டிநாடு என்ற சொல் இருந்தே ஆக வேண்டுமா? எங்கள் பக்கத்துச் சொல்லை வைத்தால் வெளியூரார் வாங்குவார்களா? ஒருவர் வைத்த தலைப்பை இன்னொருவர் வைக்கலாமா? அட்டைக்காக அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். அத்தியாயப் பட்டியலையும் மூன்று அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஆச்சிக்கு வணக்கம்.

அச்சகத்தாரிடம் இன்னும் பத்து நாள் கேட்டு வாங்குங்கள். ஒரு வார்த்தை பிழையாக அச்சானால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். தலைப்பு தவறிப்போனால் அப்படித் திருத்த முடியாது. தலைப்பை மாற்றினால் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைப் புதிதாக வாங்க வேண்டும், அட்டையை மறுபடி அடிக்க வேண்டும், பழைய பெயரில் வாங்கியவர்கள் இதை வேறு புத்தகம் என்று நினைப்பார்கள். அதனால் இந்தப் பத்து நாள் வீண் போகாது.

உங்கள் தலைப்பை முதலில் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம். பாரம்பரியம் என்றாலும் மரபு என்றாலும் ஒன்றுதான், ஒன்று வடசொல், மற்றது தமிழ்ச் சொல். மாண்பு என்பது படித்து முடித்தவர் சொல்ல வேண்டிய சொல், எழுதியவர் அட்டையில் சொல்லக் கூடாது. "ஒரு பார்வை" என்பதை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. "ஓர் ஆய்வு", "சில நினைவுகள்", "ஓர் அறிமுகம்" எல்லாம் இதே இனம். மீதி இருப்பது "செட்டிநாட்டு" என்ற ஒரே சொல். அதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. வெளியூர் வாசகருக்குச் செட்டிநாடு என்றதும் முதலில் சாப்பாடு நினைவுக்கு வரும், அடுத்தது பெரிய வீடுகள். கடைக்காரர் இந்தத் தலைப்பைப் பார்த்துச் சமையல் வரிசையிலோ சுற்றுலா வரிசையிலோ வைத்துவிடுவார். வாங்குகிறவர் கோயிலும் கல்யாணமும் ஆத்தங்குடித் தரைக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் மொத்தமாக வரும் என்று எதிர்பார்ப்பார். உள்ளே இருப்பதோ ஒரு வீடு, ஒரு பெண், 41 வருடம். புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்டது கிடைக்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார்.

மரபும் மாண்பும் என்பதில் மோனை இருக்கிறது, காதுக்கு இனிமைதான். ஆனால் அந்த ஓசை பத்திரிகை அழைப்பிதழிலும் விழா மலரிலும் அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்த ஓசை. உங்கள் மகன் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் தலைப்பிலும் அதே நோய் வேறு உருவில் இருக்கிறது. சுவடுகள், அலைகள், வேர்கள், பயணம், நினைவுகள், வானம் என்ற சொற்களுக்கு முன்னால் "காலத்தின்" என்றோ "மனதின்" என்றோ சேர்த்தால் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். ஒரு தலைப்பை நாலு வேறு புத்தகங்களின் மேல் வைத்துப் பாருங்கள். நாலுக்கும் சரியாக உட்கார்ந்தால் அது உங்கள் புத்தகத்தின் பெயர் இல்லை.

நூலுக்குப் பெயர் வைக்கும் வழிகளை நன்னூல் பாயிரத்திலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். முதல்நூல், செய்தவர், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தவர், தன்மை, இவற்றோடு காரணமே இல்லாத இடுகுறி. செய்தவரால் பெயர் பெற்றது தொல்காப்பியம், அளவால் நாலடி நானூறு, தன்மையால் நன்னூல். இந்தப் பட்டியலில் உங்களுக்கு இப்போது உதவுகிற சொல் "மிகுதி". புத்தகத்தில் எது அதிகமாக இருக்கிறதோ அதிலிருந்து பெயர் எடுக்க வேண்டும். பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 22 அத்தியாயங்களில் 17 அப்பத்தாவைப் பற்றியவை. குலப்பெருமை பேசுவது இரண்டே இரண்டு. ஆனால் தலைப்பு அந்த இரண்டை வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

சங்கப் பாட்டில் இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குறுந்தொகை 41-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டுக்குள் "அணில் ஆடு முன்றில்" என்று ஒரு தொடர் வருகிறது. மக்கள் குடி பெயர்ந்து போய்விட்ட சிற்றூரில், வெறுமையான வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. தலைவன் பிரிந்துவிட்டால் நான் அந்த வீடு மாதிரி என்கிறாள் தலைவி. தொகுத்தவர்கள் அந்தத் தொடரையே புலவருக்குப் பெயராக்கி, அணிலாடு முன்றிலார் என்றார்கள். பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளுக்கு நடுவே இருக்கிற உங்களுக்கு அந்த முற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொடர் ஏற்கெனவே வேறு நூலுக்குத் தலைப்பாகிவிட்டதால் அதை எடுக்கச் சொல்லவில்லை. முறையைத்தான் சொல்கிறேன். பாட்டு முழுவதும் மறந்தாலும் எந்த ஒரு தொடர் மறக்காதோ அதைப் பாட்டுக்கு உள்ளிருந்தே எடுத்திருக்கிறார்கள். மலைபடுகடாம் என்ற பெயரும் அந்தப் பாட்டுக்குள் வருகிற தொடர்தான்.

ஆகவே வெளியே தேடாதீர்கள். எழுத்துப்படியை அச்சிட்டு ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். மூன்று வகைச் சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். கையால் தொடக்கூடிய பொருள்கள் முதல் வகை. யாரோ வாயால் சொன்ன வாக்கியங்கள் இரண்டாவது. உங்கள் ஊரில் மட்டும் ஒரு பொருள் தந்து வெளியே வேறு பொருள் தருகிற சொற்கள் மூன்றாவது. பாசம், தியாகம், பெருமை, ஏக்கம் போன்ற சொற்களைத் தொடாதீர்கள். 168 பக்கத்துக்கு 40 முதல் 60 வரை தேறும். மறுநாள் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து, இரண்டு முறைக்கு மேல் புத்தகத்தில் தலை காட்டுகிறவற்றை வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். பத்துக்குள் வந்துவிடும்.

நீங்கள் அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எடுத்தவை ஐந்து.

முதலாவது "வளவு". ஒரே சொல், நல்ல சொல். ஆனால் மூன்று தடை. கொங்கு நாட்டிலும் வளவு என்ற சொல் புழங்குகிறது, அங்கே அதற்கு வேறு பொருள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைக்கிற சொல் இது, உங்களுக்கு மட்டும் உரியதல்ல. மூன்றாவது, எழுத்து. தொலைபேசியில் கேட்டவர் வலவா, வளவா, வழவா என்று தடுமாறுவார். ல, ள, ழ அல்லது ர, ற தலைப்பின் முதல் இரண்டு எழுத்துக்குள் வந்து, சொல்லும் பழக்கமில்லாததாக இருந்தால், இணையத்தில் தேடுகிறவர்களில் பலர் தவறாகத் தட்டி, புத்தகம் இல்லை என்று போய்விடுவார்கள்.

இரண்டாவது "ரங்கூன் கடிதங்கள்". உடனே புரியும், விற்கவும் விற்கும். ஆனால் கடிதங்கள் மூன்று அத்தியாயத்தில்தான் வருகின்றன. அவையும் உங்கள் ஐயா (அப்பத்தாவின் கணவர்) பர்மாவின் வேறு ஊரான மோல்மீன் கடையிலிருந்து எழுதியவை. 1942-ல் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்களின் கதையை எதிர்பார்த்துத்தான் வாசகர் பிரிப்பார். நீங்கள் எழுதியிருப்பதோ அந்தக் கூட்டத்தில் வராத ஒருவரைப் பற்றி. நிறைவேற்ற முடியாத சத்தியத்தைத் தலைப்பில் செய்யக் கூடாது.

மூன்றாவது "சாமான் பட்டியல்". கல்யாணத்தில் பரப்பி வைத்த சாமான்களை எழுதிய நோட்டை நீங்கள் வரிக்கு வரி கொடுத்திருக்கும் அத்தியாயம் மிக நன்றாக இருக்கிறது. ஆனாலும் தலைப்பாக வேண்டாம். உங்கள் பக்கம் சாமான் என்றால் சீர்வரிசை. சென்னைத் தெருப்பேச்சில் அந்தச் சொல் நல்ல இடத்தில் புழங்கவில்லை. வட்டாரச் சொல்லைத் தலைப்பாக்குமுன் கோவை, நெல்லை, சென்னை, யாழ்ப்பாணம் என்று நாலு பக்கத்து ஆட்களிடம் "இந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது" என்று கேட்டுவிடுவது நல்லது.

நாலாவது அப்பத்தாவின் வாய்ச்சொல்: "முகப்பு விளக்கை அமத்தாதீக." மூன்று இடத்தில் வருகிறது, மூன்றாவது இடத்தில் கண் கலங்கிவிடுகிறது. பேச்சு மொழி தலைப்பில் வந்தால் ஒரு ஆள் நம்மிடம் பேசுகிற உணர்வு உடனே வரும், அது பெரிய பலம். இதில் இடர் அந்தக் கடைசிச் சொல்தான். விளக்கை அமத்துவது என்றால் அணைப்பது என்று உங்கள் சீமையிலும் தெற்கிலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்கே போனால் அது அச்சுப்பிழை மாதிரித் தெரியும். "முகப்பு விளக்கு" என்று சுருக்கலாம். புரியும், படமும் வரும், ஆனால் குரல் போய்விடும். இதை இரண்டாம் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது பதினான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு கணக்கு அலகு, என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா திரும்பமாட்டார் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, வரிக்கணக்கு எழுத வந்தவர் நோட்டில் அப்பத்தாவை அரைப்புள்ளி என்று பதிகிறார். அப்பத்தா எதுவும் பேசாமல், பாதி வரியை எண்ணி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கும்மாயம் என்ற இனிப்புக்குக் கருப்பட்டி தட்டுகிறார். நீங்கள் அங்கே ஒரு வாக்கியம்கூடக் கூடுதலாக எழுதவில்லை.

ஆச்சி, "அரைப்புள்ளி" என்பதுதான் இந்தப் புத்தகத்தின் பெயர்.

ஏன் என்று சொல்கிறேன். தமிழ் படித்த எல்லாருக்கும் அரைப்புள்ளி என்றால் வாக்கியத்தில் வைக்கிற குறி. வாக்கியம் அங்கே முடிவதில்லை, நின்று மேலே போகிறது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஊர் நினைத்த ஒரு பெண், 41 வருடம் வளவைக் கட்டிக் காத்து, உங்கள் அப்பாவான அப்பச்சியைப் படிக்கவைத்து, முகப்பு விளக்கை அணையாமல் வைத்திருந்த கதை உங்களுடையது. நகரத்தார் வீட்டில் ஒரு பொருள், பள்ளிக்கூடத்தில் ஒரு பொருள், இரண்டும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. புத்தகம் படிக்காதவருக்கும் சொல் தெரியும், படித்தவருக்கு அதே சொல் கனத்துப்போயிருக்கும். நினைவில் நிற்கிற தலைப்புகள் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

உங்கள் சீமையிலேயே இதற்குச் சான்று உண்டு. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் தன் அரசியல் வருடங்களை எழுதியபோது "வனவாசம்" என்று வைத்தார். இராமனும் பாண்டவரும் போன காட்டை எல்லாரும் அறிவார்கள். கவிஞர் போன காடு எது என்று தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. கோட்டையூர் ஏ.கே. செட்டியாரின் "உலகம் சுற்றும் தமிழன்" வேறு விதம். அதில் மறைபொருள் எதுவும் இல்லை, ஆனால் "சுற்றும்" என்ற பெயரெச்சம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உலகப் பயணக் கட்டுரைகள் என்று வைத்திருந்தால் அது நூலின் வகையாகத்தான் இருந்திருக்கும். இப்படி வைத்ததால் கடைசியில் எழுதியவருக்கே அது பட்டப்பெயர் ஆகிவிட்டது. சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி" மூன்றே சொல், மூன்றும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தவை. போர்க்காலத்துத் தென்கிழக்காசியா, கடல், தனி மனிதன் எல்லாம் ஒரு படத்தில் அடங்கிவிட்டன. இந்த மூன்றிலும் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நீளம் பற்றி ஒரு கணக்கு. சொற்களை எண்ணுவதைவிடச் சீரை எண்ணுவது நல்லது. ஒரு மூச்சில் சொல்லி, தட்டுத் தடங்கலில்லாமல் திருப்பிச் சொல்ல முடிவது நாலு சீர் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் கேட்டவர் ஒரு துண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவார், எந்தத் துண்டு என்பது நம் கையில் இல்லை. அரைப்புள்ளி என்பது நிரை, நேர், நேர் என்று மூன்று அசை, ஒரே சீர், புளிமாங்காய். நடுவில் பகரம் இரட்டித்து, கடைசியில் ளகரம் இரட்டித்து வருவதால் நாக்கு இரண்டு இடத்தில் அழுத்திச் சொல்கிறது. காதில் விழுந்தால் தவறாக எழுதுவது கடினம்.

இனி இதில் உள்ள குறை. வெறுமே அரைப்புள்ளி என்று வைத்தால் இலக்கணப் புத்தகம் என்று நினைப்பார்கள். அங்கேதான் துணைத் தலைப்பு வேலைக்கு வருகிறது, உங்கள் செட்டிநாடும் அங்கேதான் உட்கார வேண்டும். தலைப்பு நினைவில் நிற்பதற்கு, துணைத் தலைப்பு விவரம் சொல்வதற்கு. இடம், ஆள், காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும், பாராட்டு எதுவும் இருக்கக் கூடாது. என் யோசனை: "செட்டிநாட்டு வீடு ஒன்றில் ஓர் அப்பத்தாவின் 41 ஆண்டுகள்." இணையக் கடையில் செட்டிநாடு என்று தேடுகிறவருக்கும் இது அகப்படும். "வளவு வீடு" என்று போடத் தோன்றும். துணைத் தலைப்பில் விளக்கம் கேட்கிற சொல் இருக்கக் கூடாது, ஆகையால் வீடு என்பதே போதும். அப்பத்தா என்ற சொல்லை மட்டும் பாட்டி ஆக்கிவிடாதீர்கள். எந்த ஊராரும் அதை ஊகித்துக்கொள்வார்கள், ஆக்கினால் அவர் உங்கள் அப்பத்தாவாக இருக்கமாட்டார். எங்கள் பக்கத்துச் சொல் செல்லுமா என்று கேட்டீர்களே, இதுதான் அளவுகோல்: பொருள் தெரியாவிட்டாலும் உச்சரிக்கவும் எழுதவும் முடிகிற சொல் செல்லும்.

அட்டைக்கு வருவோம். 168 பக்கம் என்றால் 84 தாள். 70 ஜி.எஸ்.எம். எடையுள்ள மேப்லித்தோ காகிதத்தில் ஒரு தாள் ஏறக்குறைய 0.09 முதல் 0.1 மி.மீ. கனம் இருக்கும், அட்டையோடு சேர்த்துப் புத்தகத்தின் முதுகு 8 மி.மீ. சுற்றி வரும். மடிப்பு ஒரு மி.மீ. அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகரும் என்பதால் இரண்டு ஓரமும் 1.5 மி.மீ. விட்டால், எழுத்துக்கு மிஞ்சுவது 5 மி.மீ., அதாவது 14 பாயின்ட். டெமி முதுகின் நீளம் 21.5 செ.மீ. அதில் உங்கள் பெயரும் பதிப்பகச் சின்னமும் இடைவெளியும் போனால் தலைப்புக்கு 11 செ.மீ. கிடைக்கும். உங்கள் பழைய தலைப்பில் 27 எழுத்து, இரண்டு கோடு. 14 பாயின்ட்டில் அது ஏறக்குறைய 13 செ.மீ. கேட்கும். இடம் பத்தாமல் வடிவமைப்பாளர் 11 பாயின்ட்டுக்குக் குறைப்பார். கடையில் அடுக்கில் நிற்கும்போது வாசகர் பார்ப்பது முதுகை மட்டும்தான், 11 பாயின்ட் நாலடி தூரத்தில் படிக்கச் சிரமம். அரைப்புள்ளி ஆறே எழுத்து. 14 பாயின்ட்டில் தடித்த எழுத்தில் தாராளமாக நிற்கும். துணைத் தலைப்பை முதுகில் போடவே வேண்டாம்.

முன்னட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. செட்டிநாட்டுப் புத்தகம் என்றதும் வடிவமைப்பாளர்கள் ஆத்தங்குடிக் கல்லின் பூக்கோலத்தைப் பின்னணியாகப் போடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் ப், ள் என்ற எழுத்துகளின் மேல் இருக்கிற புள்ளிகள் அந்தப் பூவேலைக்குள் காணாமல் போய், படிக்கிறவருக்கு "அரைபபுளளி" என்று தெரியும். இந்தத் தலைப்பில் புள்ளி தொலைவது எவ்வளவு பெரிய பிழை என்று உங்களுக்கே தெரியும். எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறம், கல் வேண்டுமென்றால் கீழே ஒரு வரிசை என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு ஆசையும் அவருக்கு வரும், பெரிதாக ஓர் அரைப்புள்ளிக் குறியை அட்டை நடுவில் வைக்க. விடாதீர்கள். துணைத் தலைப்பு எவ்வளவு சொன்னாலும் அந்தக் குறி இதை இலக்கண நூலாக்கிவிடும். அட்டை தயாரானதும் கைபேசியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையக் கடையில் அந்த அளவில்தான் தெரியும். தலைப்பு படிக்க முடிய வேண்டும், துணைத் தலைப்பு மங்கினால் பரவாயில்லை.

வேறு யாராவது வைத்திருந்தால்? வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 2015-ல் ஒரு திரைப்படத் தலைப்பு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. சட்டம் தடுக்காது. ஆனால் அதே பெயரில் தெரிந்த நூல் ஒன்று இருந்தால் தேடுகிறவருக்கு அதுதான் முதலில் அகப்படும், உங்கள் புத்தகத்துக்கான பாதி விசாரிப்பு அங்கே போய்விடும். மூன்று இடத்தில் பாருங்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், இணையப் புத்தகக் கடைகள். ரோஜா முத்தையா உங்கள் கோட்டையூர்க்காரர், அவர் வீட்டில் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் அந்த நூலகம் பிறந்தது, பழைய தலைப்புகளுக்கு அதைவிட நல்ல இடம் குறைவு. தேடும்போது ஒற்றோடும் ஒற்றில்லாமலும், சேர்த்தும் பிரித்தும் நாலு விதமாகத் தட்டுங்கள். கவிதைத் தொகுப்போ இலக்கணக் கையேடோ அதே பெயரில் இருந்தால் கவலையில்லை. வாழ்க்கை வரலாறோ நாவலோ இருந்து, இன்னும் விற்பனையில் இருந்தால், "முகப்பு விளக்கு" என்ற இரண்டாம் தேர்வுக்குப் போங்கள். அதையும் இதே மாதிரி தேடிவிட்டு.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஏழு பேரிடம் சோதித்துவிடுங்கள். மூன்று பேர் நகரத்தார் வீட்டார், நாலு பேர் வெளியார், அவர்களில் இரண்டு பேர் நாற்பது வயதுக்குள் இருக்கட்டும். தொலைபேசியில்தான் செய்ய வேண்டும், எழுதிக் காட்டக் கூடாது. தலைப்பை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். வேறு பேச்சு ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "என்ன பேர் சொன்னேன்?" என்று கேளுங்கள். மறுநாள் அவர்களையே வாட்ஸ்அப்பில் அந்தப் பெயரைத் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பேர் சரியாக அனுப்பினால் தலைப்பு நின்றுவிட்டது. மூன்றுக்குக் கீழே வந்தால் விட்டுவிடலாம். அதன் பிறகு துணைத் தலைப்பைச் சொல்லி, எதைப் பற்றிய புத்தகம் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இதில் பலர் வழி தவறினால் குறை துணைத் தலைப்பில் இருக்கிறது, அதை மட்டும் திருத்தினால் போதும். "நல்லா இருக்கா?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காக நல்லா இருக்கு ஆச்சி என்பார்கள், அதனால் ஒன்றும் தெரியவராது.

அந்த மூன்று நகரத்தார் வீட்டாரில் ஒருவராவது கணவரை இழந்த மூத்த ஆச்சியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அரைப்புள்ளி என்பது கணக்குச் சொல்தான் என்றாலும், அந்தக் கணக்கில் எழுதப்பட்டவர்களுக்கு அது வெறும் கணக்காக இருந்திருக்காது. தொலைபேசிச் சோதனை முடிந்த பிறகு அவரிடம் மட்டும் நேரில் போய், அத்தியாயத்தைப் படித்துக் காட்டிவிட்டுப் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். அவர் முகம் வாடினால் நான் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும்விட அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, "முகப்பு விளக்கு" என்றே வையுங்கள். பங்காளிகளில் யாராவது வீட்டு விஷயத்தை அட்டையில் போடுவதா என்று கேட்டால் அது வேறு, அதற்குப் பதில் சொல்ல உங்களுக்குத் தெரியும்.

தலைப்பு முடிவானால் உள்ளே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். அரைப்புள்ளி என்ற சொல் இப்போது 109-ஆம் பக்கத்தில்தான் முதன்முதலாக வருகிறது. அவ்வளவு தூரம் வாசகரைக் காக்க வைக்கலாம், ஆனால் சைகை காட்டாமல் வைக்கக் கூடாது. காட்சியை இடம் மாற்ற வேண்டாம், அது இருக்கிற இடத்தில்தான் வலுவாக இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் அப்பத்தாவின் கல்யாணத்தைச் சொல்லும்போது, அன்று முதல் கோயில் கணக்கில் அவர்கள் ஒரு புள்ளி என்று ஒரே வரி சேர்த்துவிடுங்கள், போதும். பின்னட்டைக் குறிப்பில் அரைப்புள்ளிக்கு விளக்கம் எழுதாதீர்கள். கணக்கு எழுத வந்தவர், எண்ணி வைத்த பாதி வரி, தட்டிய கருப்பட்டி என்று மூன்று வாக்கியம் எழுதி நிறுத்திவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் புது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் எழுதும் தலைப்பும், அட்டை, உள்தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் மூன்றிலும் வரும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே ஒருமுறை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு கடையில் ஒரு 'l', மற்றொரு கடையில் இரண்டு 'l' என்று ஒரே புத்தகம் இரண்டு பெயரில் பதிவாகிவிடும்.

அட்டையின் கடைசி ப்ரூஃப் வந்ததும் இரண்டை மட்டும் நீங்களே கண்ணால் பாருங்கள், வேறு யாரிடமும் விடாதீர்கள். "அரைப்புள்ளி" இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக, நடுவில் "ப்" விட்டுப்போகாமல் இருக்கிறதா? "செட்டிநாட்டு வீடு" என்பதில் ஒற்று வராது. ஆனால் கடைசி நேரத்தில் யாராவது வீட்டைக் குடும்பம் ஆக்கினால் "செட்டிநாட்டுக் குடும்பம்" என்று "க்" வந்தாக வேண்டும்.